அறுபது மடங்கு ஆசையும் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும்

வடுவூர் ஏரிக்கரையில் வைத்து, "அது என்ன வாத்து சார்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். என் 8 மடங்கு பைனாகுலரில் தெரிந்தது தண்ணீரின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி. வால் நீளமா, குட்டையா என்பதுகூடப் பிடிபடவில்லை. "ஊசிவால் வாத்தாக இருக்கும்" என்றேன். அவன் "இருக்கும்" என்பதை விட்டுவிட்டு "ஊசிவால் வாத்து" என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அது உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று இரவே, முக்காலியில் நிறுத்தித் தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பைத் தேடத் தொடங்கினேன்.

நான் மன்னார்குடிக்காரன். பத்தாம் வகுப்புக்கு லென்ஸ் பாடம் நடத்துகிறவன். பொருளருகு லென்ஸ், கண்ணருகு லென்ஸ் என்று கரும்பலகையில் ஆண்டுதோறும் கோடு போடுகிறவன். அப்படிப்பட்டவனே முதல் ஸ்கோப்பை வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த "75 மடங்கு" என்ற எழுத்தைப் பார்த்து மயங்கினேன் என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? விலை ஏழாயிரத்துச் சொச்சம். 25 முதல் 75 மடங்கு, முன் லென்ஸ் 70 மில்லிமீட்டர். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன். 25-இல் பரவாயில்லை. 40-ஐத் தாண்டியதும் மாலை ஆறு மணியாகிவிட்டதுபோல் இருட்டியது. 75-இல் தென்னை மட்டை, தென்னை மட்டையின் நினைவாக மாறியது.

பிறகுதான் என் பாடத்தை எனக்கே நடத்திக்கொண்டேன். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 70-ஐ 75-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் திறந்திருக்கும். விடியற்காலையில் இன்னும் அகலும். அதற்குள் ஊசி முனையளவு வெளிச்சத்தை அனுப்பினால் என்ன தெரியும்? எட்டாம் வகுப்புக் கணக்கு. போடாமல் வாங்கிவிட்டேன். பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அது இன்னமும் பீரோவின் மேல் இருக்கிறது.

அடுத்த முறை ஐம்பதாயிரம் வரை போகலாம் என்று வீட்டில் பேசி முடித்தேன். (பேசி முடித்தேன் என்பதற்குள் இரண்டு வாரம் அடங்கியிருக்கிறது.) ஸ்வரோவ்ஸ்கி, லைக்கா போன்றவை லட்சங்களில் போகிறவை, அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. செலஸ்ட்ரான், வோர்ட்டெக்ஸ், ஹாக், நிக்கான், கோவா என்று நடுத்தர வரிசையில் படிக்க ஆரம்பித்தால் இன்னொரு சிக்கல். இந்த விலையில் உள்ள ஸ்கோப்புகளைப் பற்றி விரிவாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேல்நாட்டு வேட்டைக்காரர்கள். எதிர் மலையில் நிற்கும் மானின் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணுவது அவர்கள் கவலை. முதுகில் சுமந்து மலை ஏறுவதால் ஒவ்வொரு நூறு கிராமும் அவர்களுக்குக் கணக்கு. துப்பாக்கியைப் போலச் சட்டென்று குறிவைக்க வேண்டும் என்பதால் நேராகப் பார்க்கும் குழாயை அவர்களில் பலர் விரும்புகிறார்கள்.

நம் ஊரில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்க, சாலையோரத்தில் மடையானையும் கொக்கையும் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்றதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு லென்ஸ் எதுவும் வேண்டாம், கண்ணி போதும்.

ஆனாலும் வேட்டைக்காரர்கள் எழுதியதை ஒதுக்கிவிடவில்லை. அந்தி வெளிச்சத்தில் மணிக்கணக்காகக் கண்ணை வைத்துப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். கண் வலிக்காத கண்ணாடி எது, முக்காலி எவ்வளவு முக்கியம் என்பதில் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மலையையும் மானையும் கழித்துவிட்டு, அந்த இடத்தில் உப்பளத்தையும் உள்ளான் பறவையையும் வைத்துப் படிக்க வேண்டும். அதற்குக் கோடிக்கரை போனால்தான் ஆகும் என்று தோன்றியது.

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு நண்பர்கள் சிலர் கோடிக்கரை போனார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். ஒருவரிடம் 85 மில்லிமீட்டர் ஸ்கோப், 20 முதல் 60 மடங்கு. இன்னொருவரிடம் 65 மில்லிமீட்டர், 16 முதல் 48. இரண்டையும் உப்பளத்தின் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, விடிந்ததிலிருந்து பதினொரு மணி வரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பறவை எண்ணுவதற்குப் போன இடத்தில் நான் கண்ணாடி எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும்.

விடியலில் பெரியது கொடுத்த வெளிச்சம் தனி. 85-க்கும் 65-க்கும் ஒளி சேர்க்கும் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் வித்தியாசம். கண்ணால் பார்த்தபோதுதான் அது வெறும் எண் இல்லை என்று புரிந்தது. தூரத்துப் பூநாரைகளின் கால்கள் முட்டிவரை தெரிந்தன. ஏழரை மணிக்கெல்லாம் இரண்டுக்கும் இருந்த இடைவெளி குறைந்தது. ஒன்பது மணிக்குக் கானல் எழும்பியது.

கானலைப் பேய்த்தேர் என்றும் சொல்வார்கள். ஸ்கோப்பில் பார்த்தால் அந்தப் பெயரின் அருமை தெரியும். சூடான உப்புத் தரையிலிருந்து எழும் காற்று அலையலையாக நெளிய, அதற்குள் உள்ளான்கள் கரைந்து கரைந்து மறுபடி உருவாகும். 60 மடங்கில் பறவையும் பெரிதாகிறது, நெளிவும் பெரிதாகிறது. விலை அதிகமான ஸ்கோப் அந்த நெளிவை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டிலும் மடங்கைக் குறைத்துக் குறைத்து 25, 30-க்கு வந்து நின்றபோதுதான் ஏதாவது தெரிந்தது. இத்தனை நாள் 60-க்கும் 75-க்கும் ஆசைப்பட்ட எனக்கு, இந்த மண்ணில் ஒன்பது மணிக்கு மேல் 30-தான் எல்லை என்று உப்பளம் சொல்லிவிட்டது. 30 மடங்கில் 65 மில்லிமீட்டர் தரும் ஒளிக்கற்றை இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல். பகலுக்கு அது தாராளம். விடியலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். சிறியதை வாங்கி மிச்சமாகும் காசுக்கு நல்ல முக்காலி வாங்கிவிடலாம்.

அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். ஒரு ஸ்கோப்பில் காட்சி முழு வட்டமாகத் தெரிந்தது. இன்னொன்றில் நடுவில் காசளவுதான். கண்ணருகு லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் முழுக் காட்சி கிடைக்கும் என்று ஒரு தூரம் இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது 15 மில்லிமீட்டராவது வேண்டும். விவரப் பட்டியலில் மூலையில் கிடக்கும் இந்த எண்ணை நான் அதுவரை படித்ததே இல்லை. பெரிய மடங்குக்குத் திருப்பத் திருப்ப இந்தத் தூரம் பல ஸ்கோப்புகளில் குறையும் என்பதும் நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நேர்க்குழாயா, சாய்ந்த கண்குழாயா என்ற கேள்விக்கு என் மாணவர்களே விடை. நாலடி உயரத்தில் ஒருவன், ஐந்தரை அடியில் ஒருத்தி, பிறகு நான். சாய்ந்த குழாயை என் நெஞ்சுயரத்தில் நிறுத்திவிட்டால் குட்டையானவர்கள் ஒரு செங்கல்லின் மேல் ஏறியும் நெட்டையானவர்கள் குனிந்தும் பார்த்துவிடலாம். முக்காலியைத் தாழ்த்தியே வைத்தால் கடற்காற்றில் ஆட்டமும் குறைவு. பறவையைக் குறிபார்த்துப் பிடிப்பதற்கு மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். முதல் வாரம் ஏரியில் நாரையைத் தேடினால் பனை மரம்தான் வரும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. மன்னார்குடி மதிலழகு என்பார்கள். எனக்கு அது லென்ஸ் சோதிக்கும் பலகை. கும்பகோணத்து நண்பர் ஒருவர் தம் ஸ்கோப்பை இரண்டு நாள் கடன் கொடுத்திருந்தார். ராஜகோபாலசாமி கோயிலின் மதிற்கல் இணைப்புகளை எதிர்த் தெருவிலிருந்தும், கோபுரக் கலசத்தை ஹரித்ரா நதித் தெப்பக்குளத்தின் கரையிலிருந்தும் பார்த்தேன். வெயிலில் மின்னும் கலசத்தின் விளிம்பில் ஊதாக் கோடு ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. சாதாரணக் கண்ணாடியில் ஓடும். நிறங்களைப் பிரியவிடாத இ.டி. கண்ணாடியில் ஏறக்குறைய மறைந்துவிடும். வெள்ளைக் கொக்கை வெயிலில் பார்க்கிறவர்களுக்கு இந்த ஊதாக் கோடு பெரிய தொல்லை. ஐம்பதாயிரத்துக்குள் வாங்குகிறவர்கள் மடங்கை விட்டுக்கொடுத்தாலும் இ.டி. கண்ணாடியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

அடுத்த நாள் ஒரு வயல் வரப்பில் முக்காலியை விரித்தபோது பெரியவர் ஒருவர் வேகமாக வந்தார். "எதற்குத் தம்பி அளக்கிறீர்கள்? மீத்தேன் எடுக்கவா?" டெல்டாவில் முக்காலியோடு எவன் நின்றாலும் இந்தக் கேள்வி வரும், வர வேண்டியதும்தான். "பறவை பார்க்கிறேன் ஐயா" என்று நத்தைகுத்தி நாரையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கிறதே" என்றார். அதற்குப் பிறகு அந்த வரப்பில் எனக்குத் தடையே இல்லை.

கடைசியில் வாங்கியது 65 மில்லிமீட்டர், 16 முதல் 48 மடங்கு, சாய்ந்த குழாய், இ.டி. கண்ணாடி, உள்ளே ஈரம் படியாமலிருக்க நைட்ரஜன் அடைத்தது. மாமா மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது கொண்டுவந்தான். முப்பத்தெட்டாயிரம் ஆனது. மிச்சப் பணத்தில் முக்காலியும், அசைத்தால் வழுக்கிக்கொண்டு நகரும் வீடியோ தலையும். இதை முதலில் வீண் செலவு என்று நினைத்தேன். பழைய கேமரா முக்காலியில் வைத்து வடுவூர்க் கண்காணிப்புக் கோபுரத்தில் ஒரு நாள் பார்த்ததும் அந்த நினைப்புப் போனது. யாராவது படியேறினால் 40 மடங்கில் ஏரியே குலுங்குகிறது. இப்போது முக்காலியின் நடுக்கொக்கியில் தண்ணீர்ப் பாட்டில் பையை மாட்டிவிடுகிறேன். கோபுரத்தைவிடக் கரைமேல் தரையில் நிற்பதே நல்லது.

பராமரிப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீடுகளில் தோல் செருப்பே பூத்துவிடும், லென்ஸ் எம்மாத்திரம்? பூஞ்சை பிடித்தால் லென்ஸின் மேற்பூச்சையே அரித்துவிடும். வாய் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன்; மாதம் ஒரு முறை அவற்றைச் சூடாக்கி உலர்த்துகிறேன். கோடிக்கரையிலிருந்து திரும்பினால் முதல் வேலை, லென்ஸின் மேல் படிந்த உப்பைத் துடைக்காமல் நல்ல தண்ணீரால் கழுவுவது. உலர்ந்த துணியால் உப்பைத் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்று.

இந்த மார்கழியில் அதே மாணவனை வடுவூருக்கு அழைத்துப் போனேன். இப்போது அவன் பத்தாம் வகுப்பு. 20 மடங்கில் ஊசிவால் வாத்தின் வால் தெளிவாகத் தெரிந்தது. "போன வருஷம் எழுதியது சரிதான் சார்" என்றான், எனக்குச் சான்றிதழ் கொடுப்பதுபோல.

48-ஐ இதுவரை நான்கு முறை திருப்பியிருப்பேன். மூன்று முறை நிலாவுக்கு. நான்காவது முறை கோடிக்கரையில், வெயில் ஏறுமுன், ஒரு உள்ளானின் காலில் ஆய்வாளர்கள் கட்டியிருந்த, எழுத்துள்ள சிறு கொடியைப் படிப்பதற்கு. இரண்டு எழுத்துத் தெரிந்தது. மூன்றாவதன் மேல் சேறு.