கவலைக்கு மாலை ஆறு மணி

முதல் முறை அந்தப் போட்டித் தேர்வுக்குத் தயாரானபோது, தினமும் பத்து மணி நேரம் படிப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். புத்தகத்தின் முன் உட்கார்ந்திருந்தது பத்து மணி நேரம்தான். ஆனால் அதில் பாதியைக் கவலை தின்றுவிட்டது. மீதிப் பாடத்தை எப்போது முடிப்பது, கூடப் படிப்பவன் இரண்டாவது திருப்புதலுக்கே வந்துவிட்டானே, இந்தத் தேர்வு போய்விட்டால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது... ஒரே பக்கத்தை நான்கு தடவை படித்திருப்பேன். ஒரு வரியும் நிற்காது.

அந்தக் கவலை எனக்குள்ளேயே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து படித்தோம். ஒருநாள் நண்பன் நிகழ்தகவில் ஒரு சந்தேகம் கேட்டான். "இதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் படிச்சே?" என்று கேட்டுவிட்டேன். எனக்கும் அந்தக் கணக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதை ஒப்புக்கொள்ளப் பயம். அவன் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்புறம் சேர்ந்து படிக்க வரவே இல்லை. வீட்டிலும் இதே கதைதான். "படிப்பு எப்படிப் போகுது?" என்று அம்மா அன்பாகக் கேட்டாலும், விசாரணை மாதிரி இருக்கும், சிடுசிடுப்பேன்.

தேர்வில் தேறவில்லை. இரண்டாம் முறை தொடங்கும் முன், பாட அட்டவணையைவிட என் கவலையையும் அதனால் கெட்ட உறவுகளையும்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது.

கவலைப்படாதே என்று மனதுக்குக் கட்டளை போட்டுப் பயன் இல்லை. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்று சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. எனக்கு உதவியது வேறு வழி: கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது. 1983-இல் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழு இதை முறையாகவே சோதித்திருக்கிறது. தினமும் அரை மணி நேரம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். நடுவில் கவலை வந்தால், அந்த நேரத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

நான் மாலை ஆறு மணி என்று வைத்தேன். படிக்கும்போது கவலை எட்டிப் பார்த்தால், ஒரு துண்டுத்தாளில் ஒரே வரி எழுதிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவேன். முதல் வாரம் தாள் நிரம்பி வழிந்தது. ஆறு மணிக்குப் படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். மீதி இருப்பவற்றில் என் கையில் உள்ளதற்கு நேராக, நாளை எத்தனை மணிக்கு என்ன செய்யப்போகிறேன் என்று எழுதுவேன். "கணிதம் போய்விடும்" என்பது "காலை ஏழு மணிக்கு நிகழ்தகவு, இருபது கணக்கு" என்று மாறும். கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்பது போன்றவற்றை அடித்துவிடுவேன். பல வாரமாகத் தூக்கமே வரவில்லை, நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் இதோடு நிற்காமல் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நண்பனிடம் போவது இதைவிடக் கடினமாக இருந்தது. போனில் சொல்ல மனம் வராமல் நேரில் போனேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பு. எனக்கே அந்தக் கணக்கு வராது, அந்தப் பயத்துல பேசிட்டேன்" என்றேன். சற்று நேரம் கழித்து, "நீ ரொம்ப முன்னாடி போயிட்டேன்னு நான்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றான். ஒருவரையொருவர் பார்த்து இருவருமே மருண்டிருக்கிறோம்!

மறுபடியும் சேர்ந்து படித்தோம். மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை அவரவராகச் சொன்னால் ஒழிய யாரும் கேட்பதில்லை. யாருக்குச் சந்தேகம் வந்தாலும், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மற்றவர் விளக்க வேண்டும். போட்டியாளனுக்கு ஏன் சொல்லித்தர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரால் நம் தேர்ச்சி முடிவாவதில்லை. மேலும், சொல்லித்தருபவருக்கே லாபம் அதிகம். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் காட்டியிருக்கிறார்கள். நிகழ்தகவு எனக்குப் பிடிபட்டதே நண்பனுக்கு விளக்கியபோதுதான். விளக்கும்போது எங்கே திணறினேனோ, அங்கேதான் எனக்கு ஓட்டை இருந்தது.

அம்மாவிடம், "ஞாயிற்றுக்கிழமை நானே எல்லாம் சொல்றேன், மத்த நாள் கேட்காதீங்கம்மா" என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கும் அது நிம்மதியாக இருந்தது.

தேர்வு நாளன்று உள்ளே போவதற்கு முன் பத்து நிமிடம், மனதில் இருந்த பயத்தையெல்லாம் ஒரு தாளில் கொட்டினேன். இதுவும் ராமிரெஸ், பைலாக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011-இல் மாணவர்களிடம் சோதித்துப் பலன் கண்ட வழிதான். எழுதியதை மடித்துப் பையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். வெளியே வந்தபின் விடைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். பேசவும் இல்லை.

அந்த முறை நான் தேறினேன். நண்பன் தேறவில்லை. அடுத்த முறை அவன் எழுதி முடிக்கும்வரை தினமும் மாலை ஆறரைக்கு, அவனுடைய கவலை நேரம் முடிந்ததும், சந்தேகங்களோடு எனக்குப் போன் வரும்.