ஜாதிக்காய்க்காக அழிந்த தீவுகள்

ஜாதிக்காய் துருவும்போதெல்லாம் எனக்கு பண்டா தீவுகள் நினைவுக்கு வந்துவிடும். இந்தோனேசியாவின் அந்தக் குட்டித் தீவுகளில் மட்டும்தான் ஒரு காலத்தில் ஜாதிக்காய் விளைந்தது. எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றது டச்சு கிழக்கிந்திய கம்பெனி. அரிசிக்கே வெளியூர் வியாபாரிகளை நம்பியிருந்த மக்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்?

1621இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து இறங்கினான். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிப்படையினரை வைத்து வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேரில் மிஞ்சியது ஆயிரம் பேர் அளவுதான். அப்புறம் தோட்டங்களைப் பங்குபோட்டு, அடிமைகளைக் கொண்டுவந்து அதே மரங்களில் காய் பறிக்க வைத்தார்கள்.

நெதர்லாந்தின் ஹோர்ன் நகரில் கூனுக்கு இன்னும் சிலை நிற்கிறது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.