டிஸ்சார்ஜ் தாளில் சாப்பாட்டுக்கு ஒரு வரிகூட இல்லை

இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் முடிந்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கத்தைத் தாள் கொடுத்தார்கள். மருந்து, தையல் பிரிக்கும் நாள், ஃபிசியோ தேதி எல்லாம் இருந்தது. என்ன சாப்பிட வேண்டும் என்று மட்டும் எதுவும் இல்லை. கேட்டதற்கு நர்ஸ் மிஸ்ஸி, "நல்லா சாப்பிடச் சொல்லுங்க, போதும்" என்றார். வார்டு நிறைய ஆட்கள், அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

தாளில் இல்லாததைச் சொல்ல எங்கள் பினாங்கு வீட்டில் ஆளா இல்லை? பட்டர்வொர்த்திலிருந்து வந்திறங்கிய பெரிய அத்தை அன்றைக்கே பத்தியம் போட்டுவிட்டார். முட்டை சீழ் வைக்கும், கோழி சூடு, மீன் அரிப்பு, கத்தரிக்காய் பக்கமே போகக்கூடாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவும் கிட்டத்தட்ட அதே பட்டியலைச் சொல்ல, அத்தைக்கு இன்னும் பலம். இதற்கு மேல் சித்தப்பா வேறு: "சர்க்கரை ஆளுக்குச் சோறு எதுக்கு?" மிஞ்சியது கஞ்சித் தண்ணியும் ரசமும்தான்.

ஒரு ராத்திரி அப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 3.2 mmol/L. நான்குக்குக் கீழே இறங்கினாலே உடனே கவனிக்க வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. சாப்பாடு பாதியாகிவிட்டது, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. வீட்டில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் கவனியுங்கள்: சாப்பாடு குறைந்த அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

இனி சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்லும் டயட்டீஷியனைப் பார்த்தே தீர்வது என்று கிளம்பினோம். ஜெலுத்தோங்கிலிருந்து கிராப் டாக்சி பிடித்து, வாக்கரோடு அப்பாவை இறக்கி, நம்பர் எடுத்து உட்கார்ந்தால், கவுண்டரில் ஒரே கேள்வி: "சூராட் ருஜுக்கான் இருக்கா?" டாக்டர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் அது. டிஸ்சார்ஜ் தாளை நீட்டினேன். "இது இல்லை." யார் தருவார்கள்? எலும்பு டாக்டர். அவர் தேதியோ அடுத்த மாதம். அப்படியானால் அரசு கிளினிக்கில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கிளினிக் டாக்டர் ஐந்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோனால் அதே கவுண்டரில், "ரத்த ரிசல்ட் எங்கே?" கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் புரதத்தைக் கூட்ட முடியாது, அது நியாயம்தான். ஆனால் முதல் தடவையே வாயைத் திறந்து சொன்னால் என்ன? நோயாளியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நீங்கள் வார்டில் இருக்கும்போதே, டிஸ்சார்ஜ் கையெழுத்துக்கு முன்பு, "டயட்டீஷியனுக்கு ஒரு ருஜுக்கான் போடுங்க டாக்டர்" என்று கேட்டுவிடுங்கள். ரத்த ரிசல்ட் நகலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

டயட்டீஷியன் ஒரு சீனப் பெண், சின்ன வயது. அப்பாவைத் தராசில் ஏற்றினார்: 54 கிலோ. விழுவதற்கு முன் 61. முந்தின நாள் காலையிலிருந்து வாயில் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு கணக்குச் சொன்னார்: இந்த வயதில், இப்படி அடிபட்டவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும், ஆக நாளுக்கு 65 கிராம். அப்பாவுக்குப் போனது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம், உள்ளங்கை அளவு மீன் துண்டில் 20 கிராம் போல. புண் ஆறவும் எலும்பு கூடவும் புரதம் வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். ஃபிசியோவில் அப்பாவுக்குக் கால் ஏன் துவண்டது என்று அப்போதுதான் புரிந்தது. கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு, எங்களைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள்.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "பாக்சிக் (ஐயா), பல்செட் ஆடுதா?" என்றார். எடை இறங்கியதில் ஈறும் இளைத்து, பல்செட் லொடலொடவென்று ஆடியிருக்கிறது. மெல்ல முடியாததை இந்த மனுஷர் ஒருவரிடமும் சொல்லவில்லை!

கஞ்சியை விடவேண்டாம், அதில் சரக்கை ஏற்றுங்கள் என்றார்: அடித்த முட்டை, கொத்திய கோழி, உதிர்த்த மீன், தவ்வூ (சோயா கட்டி). மருந்துக்கடையில் தலையில் கட்டிய பால்பவுடரை சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காமல் இடைவேளையில் மட்டும் கொடுக்கச் சொன்னார். மூன்று வேளையும் கரைத்தால் ஒரு டின் ஒரு வாரம்கூட வராது, விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

மீதி இருந்தது அத்தை. நல்லவேளை, ஹருவான் என்கிற விரால் மீன் மட்டும் அவர் பத்தியத்திலேயே அனுமதி. ஆபரேஷன் புண்ணுக்கு விரால் நல்லது என்று இங்கே எல்லா இனத்தாரும் நம்புகிறார்கள். சவுரஸ்தா பசாரில் வாங்கிவந்து மிளகு போட்டு வைத்தோம். அந்த வழியில் கெம்போங் மீனும் நுழைந்தது. அப்புறம் கஞ்சியில் கலந்த முட்டை. புண்ணில் சீழும் இல்லை, அத்தையிடமிருந்து மறுபேச்சும் இல்லை.

எடை 56-க்கு ஏறியிருக்கிறது. பல்செட்டை மட்டும் இன்னும் சரிபார்க்கவில்லை. பல் கிளினிக்குக்கு ருஜுக்கான் வேண்டுமா என்று முதலில் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பப் போகிறோம்.