மணி ரெண்டுன்னா எட்டு!

தான்சானியாவில், மொரோகோரோவில் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலரா போன முதல் வாரம். "சனிக்கிழமை சா ம்பிலி"ன்னாங்க. சான்னா மணி, ம்பிலின்னா ரெண்டு. நல்லா சாப்பிட்டு, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆடி அசைஞ்சு போனேன். ஈ காக்கா இல்லை. அந்த ஊர் மொழியான சுவாஹிலியில் மணியை விடியலில் இருந்து எண்ணுவாங்களாம். சா ம்பிலின்னா காலை 8! (நம்ம நாழிகையும் சூரிய உதயத்தில்தானே தொடங்கும், எனக்கு உறைச்சிருக்க வேணாமா?)

திங்கட்கிழமை சமாதானம் பண்ணுறதா நினைச்சு, பன்னிரண்டு வயசுப் பொடியன்கிட்ட பவ்யமா "ஷிகமோ" என்றேன். அது சின்னவங்க பெரியவங்களுக்குச் சொல்ற வணக்கம். பயல் ஒரு நொடி முழிச்சான். அப்புறம் கையைப் பின்னால கட்டிக்கிட்டு, கிழவர் குரலில், பெரியவங்க சொல்ற பதிலான "மரஹபா"ன்னான்.

ஊர் திரும்பும்வரை எனக்கு அவன் தாத்தாதான்.