சொந்த ஊரைத் தனியாகச் சுற்றுவது

"பிறந்ததிலிருந்து இதே ஊர்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். யோசித்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்ததெல்லாம் வீடு, ஆபீஸ், மார்க்கெட், இவற்றுக்கு நடுவே போய்வரும் நாலைந்து ரோடு. மற்ற தெருக்களுக்குப் போக நமக்கு வேலையே வந்ததில்லை. வேலை இல்லாமலும் போகலாம் என்பதுதான் என் கட்சி. விடுமுறை நாளில் வெளியூர்க்காரி மாதிரி, தனியாக.

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட 'தி நாலெட்ஜ்' என்ற தேர்வில் தேற வேண்டும். 1865-லிருந்து நடக்கிறது. நகரின் நடுவே இருக்கும் சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்கள் மனதில் நிற்க வேண்டும். அதற்காக அவர்கள் மொபெட்டில் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள், வருடக்கணக்கில். மூளை ஆய்வாளர் எலினார் மக்வயர் குழுவினர் இந்த டிரைவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். வழிகளை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி, மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இதைப் படித்ததிலிருந்து, ஊர் சுற்றுவதை வெட்டி வேலை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஏன் தனியாக? கூட ஆள் இருந்தால் பேச்சு ஊரை மறைத்துவிடும். ஒரு சுவர் முன்னால் பத்து நிமிஷம் நிற்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படி நின்ற சுவர் ஒன்று. பல தடவை கடந்துபோன தெரு. கடைப் போர்டுகளுக்கு மேலே பார்த்தபோதுதான் சுண்ணாம்பில் புடைப்பாக எழுதிய ஆண்டு தெரிந்தது. கடைசி எண்ணின் மேல் கேபிள் வயர் ஓடுவதால் மூன்று எண்களைத்தான் படிக்க முடிந்தது. கீழே, இடுப்பு உயரத்தில், அரை வட்டமாகச் செங்கல் வைத்து அடைத்த ஓட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, இது முன்னாடி என்னவா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தியேட்டரும்மா. அதுதான் டிக்கெட் கவுன்டர். கையை உள்ள விட்டா வெளிய எடுக்க முடியாது, அவ்வளவு கூட்டம்."

எழுந்து வந்து, வரிசை எதுவரை நிற்கும் என்று நடந்தே காட்டினார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இது கிடைக்காது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டால்தான் கிடைக்கும்.

தனியாகப் போகத் தயக்கமாக இருப்பவர்களுக்கு 'ஜேன்ஸ் வாக்' என்ற கூட்டு நடை நல்ல தொடக்கம். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007-ல் டொரன்டோவில் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் மே முதல் வார இறுதியில் நடக்கிறது. உள்ளூர்க்காரர்களே கூட்டிப்போவார்கள், கட்டணம் கிடையாது. கூட்டத்தோடு பார்த்த தெருவுக்கு மறுவாரம் தனியாகப் போய்ப் பாருங்கள், வேறு தெரு அது.

நான் காலையிலேயே கிளம்பிவிடுவேன். எந்தப் பக்கம் போகிறேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுவேன். போன் பைக்குள். வழி தெரியாவிட்டால் மேப் பார்ப்பதைவிட ஆளைக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் வழியோடு கதையும் வரும்.

தினமும் எதிரில் வரும் பஸ் ஒன்றின் போர்டில் ஒரு பெயரைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், அந்த இடத்தை இதுவரை பார்த்ததில்லை. வரும் ஞாயிறு அதில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நடந்தே திரும்பப் போகிறேன்.