ஈரச் சுவரும் சுண்ணாம்பும்

முன்னறைச் சுவரில் ஈரம் ஏறுவதைப் பார்க்க வந்த நிறுவனத்தின் ஆள், சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "பழைய வீடு இப்படித்தான் இருக்கும், துளையிட்டு மருந்து ஏற்றி மேலே சிமெண்ட் பூசிவிடலாம்" என்று சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. கீழக்கரையில் எங்கள் உம்மம்மா வீட்டு முகப்பைக் கொத்தி எடுத்த அன்றும் ஏறக்குறைய இதே பேச்சைத்தான் கேட்டேன். கடல் தாண்டி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு வந்து, கடன் வாங்கி ஒரு வீட்டை வாங்கி, இனி இதுதான் நம் ஊர் என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகும் அதே பேச்சு துரத்தி வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீடு 1890களில் எழுந்தது. தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் செங்கல் வீட்டு வரிசையில் நடுவில் இருக்கிறது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு, தெருவின் அகலம், கொல்லைப்புறம், கழிவுநீர்ப் போக்கு என்று உள்ளூர் நிர்வாகங்கள் விதி வகுத்துக் கட்டவைத்த வீடுகளின் வகை இது. முதுகோடு முதுகு ஒட்டிய, கொல்லைப்புறமே இல்லாத வீடுகளும் இந்த நகரத்தில் நிறைய உண்டு; 1909ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தடுத்த பிறகும் லீட்ஸில் 1937 வரை அவற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கொல்லை இருக்கிறது. கூரையில் வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக்கல், அடியில் ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டிவைத்த நிலவறை, மேலும் கீழும் தள்ளித் திறக்கும் மரச் சன்னல்கள், அந்தச் சன்னல்களின் சட்டத்துக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் கட்டிகள் என்று எல்லாம் எனக்குப் பிடித்துப்போயின.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். மிக்ஸியில் தேங்காய் அரைத்த மறுநாள் பக்கத்து வீட்டு மூதாட்டி கதவைத் தட்டி, என்ன இயந்திரம் என்று அக்கறையோடு விசாரித்தார். துவையலைக் கொடுத்தனுப்பியதும் நட்பு உண்டாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் தெம்பு. கீழக்கரைத் தெருவில் நோன்புக் கஞ்சி எந்த வீட்டில் தாளிக்கிறார்கள் என்று சுவருக்கு இப்பாலிருந்தே சொல்லிவிடுவோமே, அந்தத் தெம்புதான்.

ஆனால் சிமெண்ட் விஷயத்தில் என்னால் சமாதானம் ஆக முடியவில்லை. இந்த வீட்டின் வெளிச்சுவர் ஒன்பது அங்குலக் கனத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மழை அடித்தால் செங்கல் கொஞ்சம் குடிக்கும்; வெயிலும் காற்றும் பட்டதும் சாந்து வழியாக அந்த ஈரம் வெளியேறிவிடும். எங்களுக்கு முன் இருந்தவர்கள் யாரோ வெளிப்புற இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்து, உள்ளே முழங்கால் உயரம் சிமெண்ட் பூசி, கணப்படுப்பையும் காற்றோட்டம் இல்லாமல் மூடியிருந்தார்கள். போன ஈரம் திரும்பி வர வழியில்லை. குளிர்காலத்தில் அது செங்கலுக்குள்ளேயே உறைந்து விரிந்து, செங்கலின் முகத்தைப் பொரிபொரியாகப் பெயர்த்துவிட்டது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824இல் காப்புரிமை பெற்ற ஜோசப் ஆஸ்ப்டின் இதே லீட்ஸைச் சேர்ந்த கொத்தனார். புதிய கட்டடத்துக்கு அவர் தந்த பொருள் பெரிய கொடைதான்; அதைச் சுண்ணாம்புச் சுவரின் மேல் அப்புவதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

அந்த நிறுவனத்தை அனுப்பிவிட்டு, பழைய கட்டட வேலை தெரிந்த ஒருவரை அழைத்து உள்பூச்சைக் கொத்தினோம். பின்னால் செங்கல் கறுத்து நனைந்திருந்தது. இணைப்பிலிருந்த சாந்தை நகத்தால் சுரண்டியபோது அதில் சாம்பலும் கரித்துணுக்குகளும் மிளகுப்பொடி அளவில் கலந்திருப்பது தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் உம்மம்மா வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டேன். அங்கே பெயர்ந்த காரையில் வேகாத சிப்பித் துண்டுகள் இருக்கும். மொட்டைமாடித் தளம் போட்ட காலத்தில், பனங்கைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்திட்டு அடுக்கி, அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள் என்று உம்மம்மா சொல்லுவார். அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரின் மகன், எங்கள் முகப்பில் சிமெண்ட் பூசிய அன்று தெருவில் நின்றபடி, "சுவருக்கு வேர்க்கணும் தம்பி, வேர்க்க விடாட்டி உள்ளேயே புழுங்கி அழுகிப்போகும்" என்றார். அப்போது வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை.

அவர் சொன்னபடியே நடந்தது. உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து, சிமெண்டுக்குப் பின்னால் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. உள்ளே இருப்பது கடலின் பவளப்பாறையில் வெட்டி எடுத்த பவளக்கல். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின் துளைகள் நினைவிருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாகிவிட்டன. பவளப்பாறையை வெட்டி எடுப்பதற்கும் தடை வந்துவிட்டது. அது மிக நியாயமான தடை. அதனாலேயே, நம் தெருக்களில் இடித்துத் தள்ளும் ஒவ்வொரு பவளக்கல் சுவருக்கும் மாற்று கிடையாது.

உம்மம்மா வீட்டுச் சிமெண்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூசலாம் என்று மாமாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஏன் வாப்பா, வெள்ளைக்காரன் சுண்ணாம்பு பூசுறான்னு நாமளும் பூசணுமா? முன்பக்கம் டைல்ஸ் ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதே" என்றார். வீடு தங்கச்சி பெயரில் இருக்கிறது, பேச்சு மாமாவுடையது; இரண்டு பேரையும் கேட்காமல் ஒரு கல்லும் அசையாது. இங்கே சுண்ணாம்பு பூசிய சுவர் மெல்ல வெளுத்து உலர்ந்து வருவதைப் படமெடுத்து வாராவாரம் இருவருக்கும் அனுப்பினேன். தங்கச்சி முதலில் சம்மதித்தாள். மாமா, "தெற்குச் சுவர் மட்டும் பார்ப்போம்" என்று இறங்கி வந்திருக்கிறார்.

அந்தக் கொத்தனாரின் மகன் இப்போது ஏர்வாடிப் பக்கம் இருக்கிறார். வயதாகிவிட்டதால் சாரம் ஏற மாட்டார், ஆனால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பையன்களுக்குச் சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டார். சுண்ணாம்பை இப்போதே தொட்டியில் ஊறப்போடச் சொல்லிப் பணம் அனுப்பிவிட்டேன். மழை ஓய்ந்து தை பிறந்ததும் விடுப்பில் போய், சிமெண்டைக் கொத்தி எடுக்கும் வேலையை உடனிருந்து தொடங்குவதாக இருக்கிறேன்.