மலைமேல் ஒரு ரிப்பீட்டர்

குமரி மாவட்டத்தில் கடலைப் பார்த்த ஒரு மலைமேல் இருந்த வயர்லெஸ் ரிப்பீட்டரைப் பல வருஷம் பராமரித்தேன். ஆளில்லா நிலையம். ஓர் அறை, ஒரு டவர், சோலார் பேனல், பேட்டரி. படகிலிருந்து வரும் பேச்சை ஓர் அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். இதில் பயன்படும் வி.எச்.எஃப். என்ற ரேடியோ அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது; பூமி வளைந்திருப்பதால் அடிவானத்தைத் தாண்டி அதிகம் போகாது. 100 மீட்டர் உயரத்து ஆன்டெனாவுக்குச் சுமார் 41 கிலோமீட்டர் வரைதான் எட்டும். அதை இரட்டிப்பாக்க 400 மீட்டர் ஏற வேண்டும். அதனால்தான் மலை. எங்கள் முழங்கால் போனதும் அதனால்தான்.

புதிதாக வரும் பையன்களுக்கு மேலே போனதும் ரிப்பீட்டர் பெட்டியைத் திறக்கத்தான் கை பரபரக்கும். பெட்டி லேசில் கெடாது. கெடுவதெல்லாம் வெளியே இருப்பவை. ஆனி, ஆடிச் சாரலில் மேல்காற்று கடல் உப்பை மலைவரை கொண்டுவந்து அப்பிவிடும். "ஒரே இரைச்சல், பேசுறது விளங்கல சார்" என்று கரையிலிருந்து போன் வந்தால் நேராகக் கேபிள் கனெக்டரிடம்தான் போவேன். டேப்பைக் கத்தியால் கீறிப் பிரித்தால் உள்ளே செம்பு வலை பச்சை பூத்துக் கிடக்கும்; நிமிண்டினால் மாவாக உதிரும். மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) 3 காட்டினால், அனுப்பும் சக்தியில் கால்வாசி ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று அர்த்தம். பச்சை இல்லாத இடம்வரை வெட்டி, புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். அதுவும் கீழிருந்து மேலாக, ஓடு வேய்கிற மாதிரி. மாற்றிச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் நின்று உள்ளே இறங்கும்.

பேட்டரி கதை வேறு. ஒன்று 50 கிலோவுக்கு மேல். அடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒரு அண்ணாச்சி, காலை வெட்டு முடிந்ததும் மகனோடு வந்து கம்பில் கட்டிச் சுமப்பார். "ஒழுங்கா தண்ணி ஊத்துனா வருஷக்கணக்கா ஓடும்னு சொல்லுதிய, அப்புறம் ஏன் ஊத்த மாட்டேங்கிய?" என்று ஒருமுறை கேட்டார். நியாயம்தான். டிஸ்டில்டு வாட்டருக்கும் ஜீப்புக்கும் அனுமதி வருவதற்குள் பேட்டரியின் தட்டு வெளியே தெரியத் தொடங்கிவிடும்.

இடி விழுந்தால் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் இன்னொரு பாடு. பாறையில் குழி வெட்டிக் கரியும் உப்பும் நிரப்பினாலும் பங்குனியில் காய்ந்துவிடும். சித்திரை இடிக்கு முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுவோம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, "வயர்லெஸ் செட்டில் ஏன் சொல்லவில்லை?" என்று கடற்கரை ஊர்களில் கேட்டார்கள். நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்த படகுகள் இருந்த தூரத்துக்கு எந்த மலையிலிருந்தும் வி.எச்.எஃப். எட்டாது. ரிப்பீட்டர் பழுதில்லாமல் ஓடினாலும் அதே நிலைதான். ஆளை இழந்தவர்களிடம் அடிவானக் கணக்கையா சொல்ல முடியும்? பிறகு இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் கருவிகள் படகுகளுக்கு வந்தன. இனி ரிப்பீட்டர் எதற்கு என்று அலுவலகத்திலேயே சிலர் கேட்டார்கள். கரைக்குப் பக்கத்தில் இன்ஜின் நின்றுபோன வள்ளக்காரர் இன்னும் மைக்கைத்தான் எடுக்கிறார்.